முன்னால் ஓடிய குரல்

மலர்,

“அப்பா, ‘ஓடாத கவின், ஓடாத’ன்னு நான் அவன எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன்?” என்று என்னைக் கேட்டாய். உன் பிள்ளை கவினுக்குச் செய்ய வேண்டிய காரியமெல்லாம் செய்து முடித்து, வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிப் போன மறுநாள் காலை அது. சிதம்பரம் வீட்டின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்து அவனுடைய பள்ளிக்கூடச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாய். காலரில் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாய். நான் “அதெல்லாம் இப்ப எதுக்கும்மா” என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்விட்டேன். பாட்டு வாத்தியாராக வேலை பார்த்த காலம் முழுவதும் சின்னப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகியவன் நான். தெரியாவிட்டால் “நாளைக்குச் சொல்றேன்” என்றாவது சொல்லுவேன். உனக்கு அதைக்கூடச் சொல்லவில்லை. அது போன ஐப்பசியில். இப்போது மாசி நடக்கிறது. பதில் என்னிடம் அன்றைக்கே இருந்தது. அதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நேரில் சொல்லலாமே என்கிறாள் உன் அம்மா. “லெட்டர எழுதி என்னா ஆவப்போவுது? போயி அது பக்கத்துல உக்காந்து பேசுங்களேன்” என்று காலையிலிருந்து இரண்டு முறை சொல்லிவிட்டாள். நானும் உட்கார்ந்து பார்த்தவன்தான். அவன் பெயரை எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போகிறாய். போனில் என்றால் வைத்துவிடுகிறாய். கடிதத்தை நீ பாதியில் மடித்து வைத்தாலும் அது வைத்த இடத்திலேயே இருக்கும், இன்னொரு நாள் மீதியைப் படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை. இன்னொரு காரணமும் இருக்கிறது. என் முழங்காலைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், “சார், பஸ்ஸு ஏறி எறங்குற வேலையே இனிமே வெச்சிக்காதீங்க” என்று சொல்லிவிட்டார். நீ வகுப்பை நிறுத்திய பிறகு, செவ்வாயும் வியாழனும் கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்தான் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இனி வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை போனில் இதை உன்னிடம் சொன்னபோது நீ அழவில்லை, கோபப்படவும் இல்லை. “அப்ப எல்லார் வூட்லயும் சொல்லிடுங்கப்பா, கிளாஸ் இனிமே இல்லன்னு. வேற டீச்சரப் பாத்துக்கட்டும்” என்றாய். நான் சரி என்றேன். ஆனால் யார் வீட்டுக்கும் சொல்லவில்லை. வருகிற வியாழக்கிழமையும் பிள்ளைகள் வழக்கம்போல் நாலரை மணிக்கு வந்து உன் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள்.

முதலில் ‘ஓடாதே’ என்ற அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். ஏனென்றால் அது உன் சொல் இல்லை, என்னுடையது. பாட்டில் பெரியவர்களுக்குச் சுருதி கஷ்டம், சின்னப் பிள்ளைகளுக்குக் காலப்பிரமாணம் கஷ்டம். எடுத்த வேகத்திலேயே கடைசிவரை போக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது மலை ஏறுவதுபோல. தெரிந்த வரி வந்தால் ஓடும். தெரியாத வரி வந்தால் நிற்கும். பக்கத்தில் இருப்பவன் உரக்கப் பாடினால் அவனை முந்தப் பார்க்கும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் ஓடும், வீட்டுக்குப் போகும் நேரம் நெருங்கினால் இன்னும் ஓடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எல்லா வாத்தியாரையும்போல “மெதுவா, மெதுவா” என்றுதான் சொன்னேன். பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொண்டன, வேகம் அப்படியே இருந்தது. ஒரு வகுப்பே இரகசியம் பேசுகிற மாதிரி குசுகுசுவென்று ஓடியது. அதற்குப் பிறகுதான் ‘ஓடாதே’ என்ற சொல்லைப் பிடித்தேன். ஓடுவது என்றால் என்னவென்று எந்தப் பிள்ளைக்கும் காலில் தெரியும். சொன்னவுடனே குரல் நடக்க ஆரம்பித்துவிடும். நீ என் வகுப்பில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள். உன் வகுப்பில் அது உன் வாயில் வந்தது இயற்கை.

இரண்டாம் காலம் சொல்லிக்கொடுக்கும்போதுதான் பிள்ளைகளுக்குக் குழப்பம் வரும் என்பது உனக்குத் தெரியும். ஆரம்பப் பாடமான சரளி வரிசையை முதல் காலத்தில் பாடிவிட்டு, அதையே இரட்டை வேகத்தில் பாட வேண்டும். ஆனால் தாளம் போடும் கை பழைய வேகத்திலேயே போக வேண்டும். கம்மாபுரம் பள்ளியில் ஒரு பெண் பிள்ளை எழுந்து, “பாட்டு அவ்ளோ வேகமா போவுது, கை மட்டும் ஏன் சார் சோம்பேறியாவே இருக்குது?” என்று கேட்டது. வாயால் விளக்கிப் பார்த்தேன், வரவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போய், வகுப்பிலேயே உயரமான பெண்ணையும் ஆகச் சின்னப் பெண்ணையும் கைகோத்துப் பள்ளிக் கேட் வரை நடக்கச் சொன்னேன். பெரியவள் ஓர் அடி வைக்கும் நேரத்தில் சின்னவள் இரண்டடி வைத்தாள். கேட்டை இரண்டு பேரும் சேர்ந்தே தொட்டார்கள். “கை பெரியவ, பாட்டு சின்னவ” என்றேன், புரிந்துகொண்டார்கள். நீ இதையே உன் முன்னறையில் மாற்றிச் செய்தாய். “கை அம்மா, பாட்டு பிள்ளை” என்று சொல்லி, கவின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்து சுவருக்கு நடந்து காட்டினாய். அவன் நடந்தால்தானே? உன்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ச் சுவரைத் தட்டி, “புள்ளதான் ஃபர்ஸ்ட்டு!” என்று கத்தினான். பாடமே கெட்டது. அன்றைக்கு இரண்டாம் காலம் யாருக்கும் புரியாமல் போனது. நீ அவனைப் பார்த்து அந்தச் சொல்லைத்தான் சொன்னாய்.

இன்னொன்றும் உனக்கு நினைவிருக்கும். 2004இல், நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்த ஆண்டு விழா. மஞ்சக்குப்பம் பள்ளி மைதானத்தில் பந்தல். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு மாதம் பழக்கி மேடையேற்றியிருந்தேன். நான் மேடைக்குக் கீழே, நடுவில் நின்று கையைத் தூக்கித் தாளம் காட்டுகிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தலைமை விருந்தினருக்குப் பாட்டு பிடித்துப்போய்விட்டது. முகமெல்லாம் சிரிப்பாகக் கைதட்ட ஆரம்பித்தார், அதுவும் அவர் இஷ்டத்துக்கு. பிள்ளைகள் என் கையை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே ஓடினார்கள். திரை இழுக்க வேண்டிய வாட்ச்மேன் பீடி பிடிக்கப் போனவர் திரும்புவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நீ இரண்டாவது வரிசையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாய். மேடையை விட்டு இறங்கிய பையனிடம், “ஏன்டா என் கையப் பாக்கல?” என்று கேட்டேன். “அவுங்க எங்களப் பாத்து சிரிச்சாங்க சார்” என்றான். தாளம் என் கையில் இருந்தது, பிள்ளைகளின் கண் தங்களைப் பார்த்துச் சிரிக்கிற முகத்தில் இருந்தது. அதை அன்றைக்கே நான் பாடமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் சொல்லிச் சிரிக்கிற கதையாக மட்டும் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் நீ சிதம்பரத்தில் வகுப்பு ஆரம்பித்தாய். கவின் அப்போது உன் வயிற்றில். மாப்பிள்ளை தன் ஹார்டுவேர் கடையிலிருந்து புது பெயிண்டு கொண்டுவந்து முன்னறைக்கு அடித்துக்கொடுத்தார். இரண்டு கோரைப்பாய், ஒரு சுருதிப்பெட்டி, தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர். கவினுக்கு நாலு வயதானபோது அவனும் பாயில் வந்து உட்கார்ந்தான். அன்றைக்கு நீ என்னைக் கேட்டாய்: “இவன எப்படிப்பா வெச்சிக்கிறது கிளாஸ்ல?” நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். வாத்தியார் வீடுகளில் உள்ள வழக்கம்தானே அது. என் பள்ளியில் நீ படித்தபோது கேட்டுக்குள் நுழைந்ததும் நான் உனக்கு ‘சார்’. நீ கை தூக்கினால் மற்றவர்களைக் கேட்டுவிட்டுத்தான் உன்னிடம் வருவேன். வாத்தியார் தன் பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கிறான் என்று ஊர் பேசக் கூடாது. அதையே உனக்கும் சொன்னேன். “பாயில உக்காந்துட்டா அவன் உன் புள்ள இல்ல. டீச்சர்னுதான் கூப்புடணும். அவன் பக்கம் ஜாஸ்தி பாக்காத. பாத்தா மத்த புள்ளைங்க மனசு கெட்டுப்போவும்.” நீ அதை அப்படியே பிடித்துக்கொண்டாய். நான் சொன்னதைவிடக் கடுமையாகவே பிடித்துக்கொண்டாய். மாப்பிள்ளை ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே, “மாமா, இந்த வூட்ல அஞ்சரை மணிக்கு மேலதான் எம்புள்ளைக்கு அம்மா கெடைக்குது” என்று கிண்டல் செய்தார். நாம் மூன்று பேரும் சிரித்தோம்.

அவன் பாடுவதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? இருந்தாலும் எழுதுகிறேன். எழுதும்போது அவன் என்னோடு கொஞ்ச நேரம் இருக்கிறான். எல்லோரும் ஒன்றாக எடுப்பார்கள். முதல் வரி முடிவதற்குள் கவின் குரல் தனியாகத் தெரியும், முன்னால் போய்க்கொண்டிருக்கும். தாளத்தை அவன் விடவும் மாட்டான். கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுவான். முடித்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, “நான் வந்துட்டேன்! நீங்கள்லாம் இன்னும் வரலியா?” என்பான். அந்த எட்டு வயது அபிநயா, வகுப்புக்கே தலைவி மாதிரி இருப்பாளே, அவள் உடனே புகார் சொல்லுவாள். “டீச்சர், இவன் ட்ரெய்ன் புடிக்கப் போறான், டீச்சர்.” இவன் விடுவானா? “ஒனக்கு டிக்கெட் இல்ல, போ” என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆகச் சின்னவன் ஜெரோமுக்குச் சிரிப்பு நிற்கவே நிற்காது, பாயில் சாய்ந்துவிடுவான். அப்போது நீ தலையை நிமிர்த்தி, “ஓடாத கவின்” என்பாய். மறுபடி முதலிலிருந்து. நான் சில சமயம் உள்ளறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வாத்தியாராகச் சொல்கிறேன், நீ அந்தச் சொல்லைக் கடிந்து சொன்னதாக எனக்கு ஒரு தடவைகூட நினைவில்லை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை அவனைக் கடலூருக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன் அல்லவா? பஸ்ஸில் ஜன்னலோரம் அவனுக்கு. கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் தானாகவே முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டு சரளி வரிசை பாட ஆரம்பித்தான். நான் பேப்பர் படிப்பதுபோல் இருந்தேன். வெள்ளாற்றுப் பாலம் வந்தது, பாடிக்கொண்டிருந்தான். புதுச்சத்திரத்தில் பஸ் பிரேக் போட்டு நின்றது, மீன்கூடையோடு இரண்டு பெண்கள் ஏறினார்கள், கண்டக்டர் விசில் அடித்தார், அவன் கை பிசகாமல் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சந்தேகம் வந்து, பேப்பருக்குக் கீழே என் விரலால் தாளம் வைத்துச் சரிபார்த்தேன். ஓடவில்லை. இரண்டாம் காலத்துக்குப் போனான், கை அதே வேகத்தில் இருந்தது, பாட்டு மட்டும் இரட்டித்தது. பெரிய பிள்ளைகளுக்கே வராத நிதானம். ஆலப்பாக்கம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன். பிறகு பேப்பரை மடித்துவிட்டு, “டேய், இவ்ளோ நல்லா பாடுறியே, கிளாஸ்ல மட்டும் ஏன்டா அந்த ஓட்டம் ஓடுற?” என்று கேட்டேன்.

“நீ அம்மாகிட்ட சொல்லிடுவ” என்றான்.

“சொல்ல மாட்டேன்.”

“சாமி சத்தியமா?”

“சாமி சத்தியமா.”

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே வந்து சொன்னான்: “ஓடுனாத்தான் அம்மா என்னப் பாக்கும் தாத்தா. ஓடலன்னா அபிநயாவயே பாத்துக்குனு இருக்கும்.”

“அம்மா ஒன்ன திட்டுதேடா.”

“எங்க திட்டுது? இப்டிப் பாக்கும்” என்று சொல்லி, உன் முகத்தைச் செய்து காட்டினான். ஒரு புருவத்தைத் தூக்கி, உதட்டை மடித்துப் பல்லில் கடித்துக்கொண்டு. சிரிப்பு வரும்போது அதை அடக்குவதற்கு நீ சின்ன வயதிலிருந்தே செய்கிற முகம். என் வகுப்பில் உட்கார்ந்து என்னிடமே அந்த முகத்தைக் காட்டியவள் நீ. அவன் அதை அச்சு அசலாகச் செய்தான். பஸ்ஸில் நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

சத்தியம் செய்துவிட்டதால் உன்னிடம் சொல்லவில்லை என்றால் அது பாதிதான் உண்மை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன், அவளும் சிரித்தாள், “மலர்கிட்ட சொல்லுங்க” என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். தெரிந்தால் நீ வகுப்பில் அவனை நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பாய், பாடம் கெடும், பொங்கலுக்கு நீங்கள் எல்லோரும் வரும்போது சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து சொல்லிச் சிரிக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஐப்பசி மழையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த நாட்களைப் பற்றி உனக்கு எழுத என்னிடம் ஒன்றுமில்லை. நீதான் அவன் பக்கத்தில் இருந்தாய்.

கார்த்திகை நடுவில் மாப்பிள்ளை போன் செய்தார். “மாமா, புள்ளைங்க வந்து வாசக் கேட்டுக்கிட்ட நின்னுட்டுப் போவுதுங்க. மலரு கதவத் தொறக்க மாட்டுது. நீங்க வந்து எடுங்க மாமா. அது காதுலயாவது பாட்டு வுழட்டும்” என்றார். வந்தேன். நீ நடுக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாய். நான் பாயில் உட்கார்ந்து தாளத்தைப் போட, பிள்ளைகள் எடுத்தார்கள். இரண்டு வரிக்குள் பாட்டு இழுக்க ஆரம்பித்தது. முதல் நாள் என்பதால் பயம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே. மார்கழி நடுவில் புயல் அடித்து, கடலூரில் தெருவுக்குத் தெரு மரம் விழுந்து, பஸ் ஓடாமல், கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அது ஓய்ந்து பஸ் விட்டதும் வந்தேன். மாப்பிள்ளை கடையில் தகரம் வாங்கக் கூட்டம், அவருக்கு நிமிர நேரமில்லை. அங்கேயும் கரண்ட் வரவில்லை. ஃபேன் இல்லை, சுருதிப்பெட்டி இல்லை, வெறும் குரல். அன்றைக்கு அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. நான் தாளத்தை வேகமாகப் போட்டால் ஒரு வரி என் பின்னால் வருகிறார்கள், அடுத்த வரியில் அமிழ்ந்துவிடுகிறார்கள். பாட்டு நகரவே மாட்டேன் என்கிறது.

பள்ளிக்கூடத்தில் கயிறு இழுக்கும் போட்டி வைப்போமே, அதில் ஒரு பக்கம் சட்டென்று கயிற்றை விட்டுவிட்டால் மறுபக்கம் இருப்பவர்கள் அத்தனை பேரும் மல்லாக்க விழுவார்கள். அதுதான் நடந்திருந்தது. இரண்டு வருடமாகக் கவின் முன்னால் இழுத்தான், மற்றவர்கள் எல்லோரும் தங்களை அறியாமல் பின்னால் சாய்ந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வகுப்பின் நிதானம் உன் கையால் வந்தது என்று நீயும் நானும் நினைத்தோம். பாதி அவனால் வந்தது. பாட்டை நிறுத்தி, “என்னா ஆச்சு ஒங்களுக்கு?” என்று கேட்டேன். அபிநயா, “பெரிய சார், யாருமே முன்னாடி போவ மாட்டேங்கிறாங்க. நானும் போயிப் பாத்தேன், எனக்கு வரல” என்றாள். ஜெரோம் பாயைப் பார்த்துக்கொண்டே, “அது கவின் வேல” என்றான். உள்ளே நீ பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. நீ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாய் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

போன வியாழக்கிழமை நடந்ததை நீ கேட்டிருக்கலாம், பார்த்திருக்க முடியாது. இரண்டாம் காலம் பாடிக்கொண்டிருந்தோம். ஜெரோமுக்கு என்ன தோன்றியதோ, தன்னை மறந்து குரலைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நல்ல ஓட்டம். ஒரு வரி முழுக்க ஓடினான். மற்ற பிள்ளைகள் சட்டென்று பாட்டை நிறுத்தினார்கள். எல்லோரும் நடுக்கதவைப் பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பதைப் பார்த்து ஜெரோமும் நிறுத்தி, கையால் வாயை மூடிக்கொண்டு, “சாரி சார்” என்றான். கண்ணில் தண்ணீர். வேகமாகப் பாடியதற்கு ஒரு ஐந்து வயதுப் பிள்ளை மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. வழக்கமான அந்தச் சொல் என் வாய்வரை வந்தது, சொல்ல முடியவில்லை. வகுப்பை அத்தோடு முடித்து அனுப்பிவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். ஐப்பசிக்குப் பிறகு நான் அந்தப் பாலத்தைப் பார்ப்பதில்லை.

எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கேட்டாய், மலர். அவன் எத்தனை தடவை கேட்டானோ அத்தனை தடவை. ஒவ்வொரு ‘ஓடாதே’வும் அவன் உன்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டது. அவனைப் பிடித்து நிறுத்தினோம், அடக்கினோம் என்று நீ தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்து நினைத்தாய். அவனோ நீ நிமிரும்போதெல்லாம் உன் பார்வையைச் சம்பாதித்துவிட்ட சந்தோஷத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். இது உனக்கு ஆறுதலாக இருக்குமா, இன்னும் ஒரு காயமாக இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஓடாமலே அவனைப் பார்த்திருக்கலாமே என்று நீ நினைப்பாய். நினைக்கத்தான் செய்வாய், நானும் தினம் நினைக்கிறேன். பார்க்காதே என்று சொன்னவன் நான். அந்தப் பங்கை என்னிடம் விட்டுவிடு, உன் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதே. தாளத்தையும் காலத்தையும் வைத்துத் துக்கத்துக்கு நாலு உவமை சொல்ல எனக்கு வரும், அப்படிச் சொல்லியே பழகிய வாய். ஒன்றும் சொல்லப்போவதில்லை. நாளானால் சரியாகிவிடும் என்று வந்தவர்கள் எல்லோரும் உன்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு நாளாகிக்கொண்டிருக்கிறது, சரியாகவில்லை. உன் அம்மா இன்னும் அவன் டம்ளரில்தான் தண்ணீர் குடிக்கிறாள். சரியாகாமலே செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் பிள்ளைகளும் கவினை இழந்தவர்கள்தான். அவர்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை, அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு பிள்ளை இறந்துபோன வீட்டில் முன்னால் பாடுவது தப்பு என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த முடிவை நான் மாற்ற முடியாது. அவர்கள் பார்ப்பது என்னையில்லை, நடுக்கதவை. வேறு டீச்சரிடம் போனால் அந்தப் பயத்தையும் மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். அங்கே போய், நல்ல பிள்ளைகள் என்று பெயர் வாங்கிக்கொண்டு, வாழ்நாள் முழுக்க இழுத்துப் பாடிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வகுப்பை ஆரம்பி என்று கேட்கவில்லை. நீ பாட வேண்டாம், சிரிக்க வேண்டாம், அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். அழுகை வந்தால் அழு, பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளும். வியாழக்கிழமை நாலரை மணிக்கு நடுக்கதவைத் திறந்து வந்து பாயில் உட்கார். ஜெரோமைத் தனியாகப் பாடச் சொல். அவன் எந்த வேகத்தில் போனாலும் உன் கையை அந்த வேகத்துக்குக் கொண்டுபோய், திருத்தாமல், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாட்டு முடிகிறவரை தாளம் போடு.